திராட்சை கேட்ட அம்மன்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. ஒட்டுக்கேட்டு எடுத்தேன்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு மருந்துக்கடை வாசல். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி கேலமைன் லோஷன் வாங்கினாள். சில்லறைக்குக் காத்திருந்தபோது கடைக்காரரிடம் சொன்னாள்: "நாப்பது வருசம் கழிச்சு வந்திருக்கா. எங்கயும் போகலயாம். உள்ளயேதான் இருந்தாளாம்."

சந்தோஷமாகச் சொன்னாள். யார் என்று கடைக்காரர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு, இடுப்பை ஒரு கையால் தாங்கியபடி, சந்துக்குள் போய்விட்டாள்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது, பெயர்கள் உட்பட.

அந்த வாரம் நான் எழுதிக்கொண்டிருந்தது கதை அல்ல, மூதேவியைப் பற்றிய ஒரு கட்டுரை. பழைய சிலைகளில் அவள் எப்படி இருக்கிறாள் என்பது முதல் பத்தி. காக்கைக் கொடி, துடைப்பம், கழுதை. சரிந்த பெரிய வயிறு. ஒரு பக்கம் மாட்டுமுக மகன், மறுபக்கம் மகள். லட்சுமிக்கு அக்காள். ஒரு காலத்தில் கோயிலுக்குள்ளே இடம் இருந்தது. பிறகு சிலை வெளியே போனது, பெயர் மட்டும் வீட்டுக்குள் வந்தது, வசவாக. இரண்டாம் பத்தி மாரியம்மன். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். மூன்றாம் பத்தியை "இவ்விருவரையும் இணைப்பது" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். எது இணைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டுரை அந்த இரண்டு சொற்களில் நிற்கிறது. மருந்துக்கடையிலிருந்து வந்து இதைத் தொடங்கினேன்.

2

ஆஸ்டின் டவுனில் மழை பெய்துகொண்

(இல்லை. மழையை வைத்து எதையும் தொடங்கிவிடலாம்.)

சரளாவின் இடுப்பில் அம்மன் மீண்டும்

(இல்லை. அது அவளுக்கே இன்னும் தெரியாது.)

2, மறுபடியும்

சரளா மருமகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். விஜிக்கு ஏழாம் மாதம். கையைத் தூக்கிப் பின்னிக்கொண்டால் மூச்சு வாங்கியது. அதனால் காலையில் மாமியாரின் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிடுவாள். ரவிக்குமாருக்கு பொம்மசந்திரா தொழிற்சாலையில் காலை ஷிப்ட். அவன் போன பிறகு வீட்டில் இரண்டு பேர்தான்.

சரளாவுக்கு இடுப்பின் வலப்பக்கம் இரண்டு நாளாக எரிச்சல். சேலை உரசியிருக்கும் என்று நினைத்தாள். சீப்பை எடுப்பதற்குமுன் ஒருமுறை அங்கே சொறிந்தாள். எண்ணெய் தொடுவதற்குமுன் ஒருமுறை. விரலில் ஈரம் பட்டது. வியர்வை என்று சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆடாதடி மூதேவி. வகிடு கோணுது."

"நான் எங்க ஆடறேன்? உள்ள ஒருத்தன் ஆடறான்."

"அவனையும் சேத்துத்தான் சொன்னேன்."

[இங்கே நிறுத்துகிறேன். முதல் வரைவில் சரளா இப்படிப் பேசவில்லை. "கண்ணு" என்றாள். மருந்துக்கடையில் பார்த்த முகத்துக்கு அதுதான் பொருந்தியது. ஆனால் ஒவ்வொரு முறை "கண்ணு" என்று எழுதும்போதும் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வசவைக் கொடுத்ததும் திரும்பினாள்.]

அன்று மாலை கொப்புளங்கள் வரிசையாக எழுந்து முதுகை நோக்கிப் போயின. ரவிக்குமார் அவளை ஸ்கூட்டரில் டாக்டர் ஆஞ்சலாவிடம் கூட்டிப்போனான். அவசரத்தில் சரளா மூக்குக் கண்ணாடியை முன்னறை அலமாரியிலேயே விட்டுவிட்டாள்.*

* கண்ணாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை அங்கே வைத்தது நான்.

நர்ஸ் சேலையை விலக்கிப் பார்த்தவுடனே, "சர்ப்ப சுத்து" என்றாள் கன்னடத்தில்.

"எங்க ஊட்ல அக்கின்னு சொல்லுவோம்" என்றாள் சரளா.

டாக்டர் ஆஞ்சலாவுக்கு ஊர் காக்ஸ் டவுன், சின்ன வயசு. எந்தப் பெயரையும் மறுக்கவில்லை. "ஆன்ட்டி, உங்களுக்கு முன்னாடி அம்மை போட்டிருக்கா?"

"பத்தொம்பது வயசுல. கல்யாணமாகி ஆறாம் மாசம்."

"அதுதான் இது. அந்த வைரஸ் ஒடம்ப விட்டுப் போகாது. முதுகெலும்புகிட்ட நரம்புல தூங்கிட்டே இருக்கும். வயசான பிறகு எழுந்துக்கும்."

சரளா அவளையே பார்த்தாள். "அப்ப அவ போகவே இல்லியா?"

"யாரு?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றான் ரவிக்குமார்.

ஆனால் சரளாவின் முகம் அதற்குள் மலர்ந்துவிட்டது. எரிகிற இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஊரிலிருந்து யாரோ வந்திருக்கும் செய்தி கேட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டே டாக்டர் கேட்டாள்: "வீட்ல பிரெக்னன்ட் யாராவது இருக்காங்களா?"

3

வேதநாயகி சரளாவின் மாமியார். இப்போது இல்லை. சரளாவின் கணவன் கோவிந்தப்பாவும் இப்போது படத்தில்தான். நாற்பது வருடங்களுக்கு முன்னால், இதே வீட்டில், இவர்கள் மூன்று பேர்.

வந்த ஆறு மாதத்தில் சரளாவின் பெயரை வேதநாயகி ஒருமுறைகூடச் சொன்னதில்லை. குழாயில் தண்ணீர் பிடித்துவந்தால் மூதேவி. பிடித்துவராவிட்டாலும் மூதேவி. கோபமாகக்கூட இல்லை. மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அதே குரலில். ஒருநாள் கோவிந்தப்பா தூக்கக் கலக்கத்தில், "அம்மா, மூதேவி எங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிறகு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் சரளாவின் நெற்றியில் முதல் முத்து. வேதநாயகி விளக்கை எடுத்துவந்து கிட்டத்தில் பார்த்தாள். விளக்கைத் தரையில் வைத்தாள். தானும் தரையில் விழுந்தாள், சரளாவின் காலடியில்.

"தாயே, என் வீடா கெடச்சுது ஒனக்கு? வந்துட்ட, இரு. கொறையில்லாம பாத்துக்கறேன். கொழந்தைய மட்டும் விட்டுடு."

குழந்தை யார் என்று சரளாவுக்கு உடனே விளங்கவில்லை. தான்தான் என்று தெரிந்தபோது அழுகை வந்தது.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. துடைப்பம் கண்ணில் படாத இடத்துக்குப் போனது. கோவிந்தப்பாவின் படுக்கை அவன் கூட்டாளி ஜாய்சன் வீட்டு மாடிக்குப் போனது. பார்க்க வந்தவர்கள் வாசலோடு நின்றார்கள். வேதநாயகி ஒரே ஒரு விதி வைத்திருந்தாள்: அம்மா இருக்கும் வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. "வரேன்" என்றால் எது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எல்லோரும் சும்மா நின்றுவிட்டு, சும்மா திரும்பிப் போனார்கள்.

தினமும் காலையில் வேதநாயகி கதவருகே கைகட்டி நின்று கேட்டாள்: "தாயே, என்ன வேணும்?"

முதலில் சரளா பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நாள் போனதும் ஒரு கண்ணைத் திறந்து சொன்னாள்: "திராட்சை."

"என்ன திராட்சை தாயே?"

"கருப்பு. புளிக்கறது."

வேதநாயகி ரஸல் மார்க்கெட்டுக்குப் போனாள். மருமகளுக்கு ஒரு முழம் பூ வாங்கித் தராதவள், ஒரு கூடை திராட்சை தூக்கிவந்தாள். எதிர்வீட்டுக்காரி வாசலிலிருந்தே கேட்டாள்: "அம்மன் எளநி கேப்பா, கூழு கேப்பா. திராட்சையா கேப்பா?"

"இவ பெங்களூர் அம்மன்" என்றாள் வேதநாயகி.

மறுநாள் சரளா ரேடியோ கேட்டாள். வந்தது. சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாள். திறந்தது. வேப்பிலைக் கொத்தால் வேதநாயகி அவள் கைகளை வருடிக்கொடுத்தாள். சொறிந்தால் தழும்பு விழும் என்று இரவெல்லாம் விழித்திருந்தாள். அப்படியும் நெற்றியில் ஒன்று விழுந்துவிட்டது. வெயிலில் காய்ந்த தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, மூன்று தண்ணீர். கடைசித் தண்ணீரை ஊற்றுமுன் வேதநாயகி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "கெளம்பற தாயே. எதுனா கொற இருந்தா சொல்லிட்டுப் போ."

அம்மனுக்கு என்ன குறை இருந்ததோ தெரியாது. சரளாவுக்கு ஒன்று இருந்தது.

"அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடாத."

வேதநாயகி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். சாகும்வரை அந்தப் பெயரை அவள் மறுபடி சொல்லவில்லை. ஆனால் வேறு பெயரும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினாள். டம்ளரைத் தரையில் தட்டினாள். பிறகு வந்த வருடங்கள் முழுவதும் சரளா டம்ளர் சத்தத்துக்கு எழுந்து போனாள். இன்றைக்கும் கருப்பு திராட்சை வண்டி சந்துக்குள் வந்தால் நின்றுவிடுவாள். வாங்குவதில்லை. அந்தப் புளிப்பு வாசம் போதும். தன்னைக் குழந்தை என்று ஒருத்தி கெஞ்சிக் கேட்ட அறை, வேப்பிலையும் ரேடியோவும் திறந்த சன்னலுமாகத் திரும்பி வரும்.

[ஒரு வாக்கியத்தை இங்கே எழுதி அடித்திருக்கிறேன். ~~நரம்பில் தூங்கிய கிருமியைப் போல அந்தச் சொல்லும் வீட்டில் தூங்கிக் கிடந்து, மருமகள் வந்ததும் சரளாவின் வாயில் எழுந்தது.~~ தானாக வந்த ஒப்பீடு. தானாக வந்ததாலேயே நம்பவில்லை. ஆனால் வேறு காரணமும் எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று கேட்டு வாங்கியவளே ஏன் அதைத் திருப்பிச் சொன்னாள்? நான் அவளைக் கேட்டேன். "வாயில வந்துச்சு" என்றாள்.]

4

டாக்டர் சொன்னது இதுதான். கொப்புளத்து நீர் பட்டால் அம்மை வராதவர்களுக்கு அம்மை வரலாம். விஜிக்கு முன்பே வந்திருந்தால் பயமில்லை. வராதவள் என்றால், இந்த மாதத்தில் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஊசி இருக்கிறது. முதலில் தெரிய வேண்டும்.

விஜிக்குத் தெரியவில்லை. தாய் சிறு வயதிலேயே போய்விட்டாள். வளர்ந்தது ஹாஸ்டலில். அப்பாவுக்கு போன் போட்டால், "உனக்கா, உங்கக்காவுக்கா?" என்று திருப்பிக் கேட்டார். ரத்தம் எடுத்துக் கொடுத்தாயிற்று. முடிவு வர இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளும் சரளா உள்ளறையில் இருந்தாள். அந்த அறைதான். அதே சன்னல். வெளியே சின்ன முற்றம், குழாய், துணி துவைக்கும் கல். ரவிக்குமார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது, சாப்பாடு தவிர வெளியே இருப்பது உள்ளே போகக் கூடாது. விஜி தட்டைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கல்வரை பின்னால் போய் நிற்பாள்.

மலர்ந்த முகம் டாக்டரின் கடைசிக் கேள்வியோடு சுருங்கிப் போயிருந்தது. சரளா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வை என்று துடைத்த விரல்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் விஜி தட்டை வைத்தாள். "தாளிக்கல அத்தை, நீங்க சொன்ன மாதிரியே. உங்க புள்ள அந்தச் சாம்பார சாப்பிட்ட மூஞ்சிய நீங்க பாக்கணும்."

"தள்ளி நில்லும்மா."

விஜி தள்ளி நிற்கவில்லை. "ரிசல்ட் வந்துடுச்சா?"

"இல்லியே."

"அவரு உங்ககிட்ட போன்ல சொல்லிட்டாரா? மறைக்கிறீங்களா?"

"இல்லம்மா. ஏன்?"

"ரெண்டு நாளா ‘அம்மா’ போடறீங்க. மூணு வருசமா ஒரே பேரு. அது காணோம்னா எனக்கு பேஜாராவுது."

சரளா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, கை பட்டுவிட்டதே என்று விட்டுவிட்டாள். "அது நல்ல பேரு இல்ல."

"தெரியும். மொத வருசம் பாத்ரூம்ல கொழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன்."

"இப்ப?"

"இப்ப கொழா தொறக்கறதில்ல. தண்ணி வேஸ்ட்டு."

பிறகு சரளா சொல்ல ஆரம்பித்தாள். விளக்கு, முதல் முத்து, காலடியில் விழுந்த வேதநாயகி, ஒரு கூடை திராட்சை, பெங்களூர் அம்மன். செம்புத் தண்ணீருக்கு முன்னால் கேட்ட அந்த ஒன்று. டம்ளர் சத்தம். விஜி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து கேட்டாள்.

[எழுதும்போது கவனிக்கவில்லை, திரும்பப் படிக்கும்போது பார்த்தேன். பெரிய வயிறு. கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துச் சுவரில் துடைப்பம் சாய்ந்திருக்கிறது. குழாயடியில் ஒரு காக்கை. எதையும் நான் கொண்டுவந்து வைக்கவில்லை. முற்றத்தில் துடைப்பம் இருக்கும், ஆஸ்டின் டவுனில் காக்கை இருக்கும், ஏழாம் மாதத்தில் வயிறு இருக்கும். கம்பிக்கு உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. கட்டுரையின் மூன்றாம் பத்தியை எடுத்துப் பார்த்தேன். இன்னும் அதே இரண்டு சொற்கள். மூடி வைத்துவிட்டேன்.]

"அப்ப இப்ப வந்திருக்கறதும் அதே அம்மன்தானா?" என்று கேட்டாள் விஜி.

"அதே அம்மன்தான். டாக்டரம்மாவே சொல்லிச்சு."

விஜி கல்லில் கையூன்றி எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். வேதநாயகியைப் பார்த்தே இராதவள், கைகட்டி, தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி நின்றாள்.

"தாயே, என்ன வேணும்? சீக்கிரம் சொல்லு, காலு வலிக்குது."

சரளாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு பற்றி எரிந்தது. எரிய எரியச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. இந்தக் கேள்விக்காகத்தான் அவள் நாற்பது வருடம் காத்திருந்தாள். யாராவது இன்னொரு முறை கேட்டால் என்ன சொல்வது என்று திராட்சை வண்டிக்கு முன்னால் நின்று எத்தனையோ யோசித்துவைத்திருந்தாள்.

"முதுகக் காட்டு" என்றாள்.

"என்னது?"

"அம்மை போட்டா எங்கயாவது ஒரு தழும்பு நிக்கும். எனக்கு நெத்தியில நின்னுச்சு. ஒனக்கு மூஞ்சியில இல்ல, கையில இல்ல. முதுகுல இருக்கலாம். ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க."

"உங்க புள்ள பாத்திருப்பாரே."

"அவன் எதப் பாத்தான்? மூக்குக்கு முன்னால இருக்கற சாவிய வீடு முழுக்கத் தேடறான்."

விஜி முற்றத்துக் கதவைத் தாழிட்டாள். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். இரண்டு நாளாகப் பின்னாத, கலைந்த பின்னல். ஜாக்கெட்டைத் தளர்த்தித் தோளிலிருந்து இறக்கினாள்.

5

முடிவுகள்.

(அ) இடது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு பருப்பு அளவுக்கு, வட்டமான சின்னக் குழி. சரளா பார்த்துவிடுகிறாள். இதை முழுசாக எழுதினேன். சரளா கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள். மிக நன்றாக வந்திருந்தது. அதனால் கிழித்தேன்.

(ஆ) ஒன்றுமில்லை. வழவழப்பான முதுகு. மறுநாள் காலை முடிவு வருகிறது, ரவிக்குமார் ஷிப்டுக்குப் போகாமல் விஜியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான், ஊசி போடுகிறார்கள். இப்படி நடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது டாக்டர் ஆஞ்சலாவின் கதை. அவள் இதைவிடத் தெளிவாக எழுதுவாள்.

(இ) கண்ணாடி.

சரளாவுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் இருப்பது எல்லாம் கரைந்துபோகும். முதுகு மாநிறமாக, பெரிதாக, சாயங்கால வெளிச்சத்தில் மிதந்தது. ஒரு நிழல் தெரிந்தது. மச்சமாக இருக்கலாம், ஜாக்கெட் தையல் அழுத்திய தடமாக இருக்கலாம். தழும்பாகவும் இருக்கலாம். கையை நீட்டினால் விரல் சொல்லிவிடும். குழி இருந்தால் விரலுக்குத் தெரியும். ஆனால் அந்த விரல்தான் நீளக் கூடாது. கண்ணாடி முன்னறை அலமாரியில் இருந்தது. வெளியே இருப்பது உள்ளே போகக் கூடாது.

"இருக்கா அத்தை?"

இரண்டு நாளாகச் சிரித்துப் பேசியவள் திரும்பி நின்றதும் முகம் தெரியாமல் போயிற்று, முதுகுதான் பேசியது. இரண்டு நாளாக அவள் தூங்கவில்லை என்று அந்த முதுகைப் பார்த்தால் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

காலையில் எப்படியும் தெரிந்துவிடும். நடுவில் இருப்பது ஓர் இரவு. அந்த ஓர் இரவைத் தருவது சரியா என்று சரளா யோசித்தாளா? எனக்குத் தெரியவில்லை. அவள் எதைப் பார்த்தாள் என்பதும் தெரியவில்லை. அவளுக்கு மிக அருகில்தான் இருந்தேன். அங்கிருந்து பார்த்தாலும் அதே மங்கல்தான்.

தெரிந்தது இவ்வளவுதான். அவள் வாயைத் திறந்தாள். பழைய பெயர் வரவில்லை. தொண்டையைச் செருமவும் இல்லை.

"இருக்கு, விஜி."

மேலே தேடிப் பாருங்கள். இந்தப் பெயர் சரளாவின் வாயில் இதுவரை வரவில்லை.

விஜி திரும்பவில்லை. இறக்கிய ஜாக்கெட்டை ஏற்றவும் இல்லை. பெயரைக் கேட்டதில் நின்றாளா, மற்றதைக் கேட்டதிலா, சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"எங்க?"

6

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. கண்ணாடியை அலமாரியில் வைத்தவன் நான். எடுத்துக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும். இரண்டையும் நான் ஏற்கெனவே எழுதிப் பார்த்துவிட்டேன்.

ரவிக்குமாரின் கட்டளை உங்களுக்கு இல்லை. முன்னறை அலமாரியில், டிவிக்கு மேலே, கோவிந்தப்பாவின் படத்துக்குக் கீழே கண்ணாடி இருக்கிறது. ஒரு கால் கொஞ்சம் வளைந்திருக்கும், பார்த்து எடுங்கள். வேண்டுமானால் சன்னல் வழியாகக் கொடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். முற்றத்தில் ஒருத்தி முதுகைக் காட்டி நிற்கிறாள், சன்னலில் ஒருத்தி விரல்களை மடக்கிக்கொண்டு நிற்கிறாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

எதைச் செய்தாலும், கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் போங்கள். வேதநாயகியின் விதி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது.